குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

பைக்கிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒருவர், திங்கட்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்கிறார் என்று வையுங்கள். செவ்வாய் காலையிலேயே கை நடுங்குகிறது, வியர்த்துக் கொட்டுகிறது. வலி, பயம் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். புதன்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிகிறது. வியாழன் ராத்திரி அவர் போர்வையிலிருந்து இல்லாத நூலைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்கிறார். கட்டுப்போட்ட காலோடு கட்டிலை விட்டு இறங்கி, "வேலைக்கு நேரமாச்சு" என்று கிளம்பப் பார்க்கிறார். மயக்க மருந்து ஒத்துக்கவில்லை என்கிறார் ஒரு உறவினர். காத்து கருப்பு என்கிறார் இன்னொருவர். அவர் பல வருஷமாகத் தினமும் குடிக்கிறவர் என்பது மனைவிக்குத் தெரியும். ஆனால் அட்மிஷன் போடும்போது கேட்டதற்கு, நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று, "எப்பவாவது குடிப்பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

எலும்பு முறிவு வார்டிலும் அறுவை சிகிச்சை வார்டிலும் வேலை பார்க்கும் நர்சுகளுக்கு இது பழகிப்போன காட்சி. மருத்துவத்தில் இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். குடியினால் வருவது என்பதைவிட, குடி திடீரென்று நின்றுபோனதால் வருவது என்பதே சரி. சிகிச்சை இல்லாத காலத்தில், இது வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வரை இறந்ததாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. சரியான சிகிச்சை கிடைத்தால் இன்று அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே வந்துவிடுகிறது.

குடிநோய் பற்றி நம் ஊரில் பேசுவது எல்லாமே 'எப்படியாவது நிறுத்து' என்பதோடு முடிந்துவிடுகிறது. எப்படி நிறுத்துவது, நிறுத்தும்போது உடம்புக்குள் என்ன நடக்கும், நிறுத்திய பிறகு என்ன என்பதை யாரும் சொல்வதில்லை. வீட்டில் போட்டுப் பூட்டுவது, சத்தியம் வாங்குவது, சாப்பாட்டில் ரகசியமாகப் பொடி கலப்பது என்று குடும்பங்கள் தவித்துப்போய்ச் செய்கிற பல காரியங்கள் பாசத்தில் செய்பவைதான். ஆனால் அவற்றில் சில ஆளையே கொன்றுவிடும்.

மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பு செல்களை அடக்கி வைப்பது அதன் வேலை. குளூட்டமேட் என்பது நேர் எதிர், தூண்டிவிடுவது. மது காபாவின் வேலையைக் கூட்டி, குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. அதனால்தான் முதலில் ஒரு தளர்வு, அப்புறம் தள்ளாட்டம், அப்புறம் தூக்கம். தினமும் இப்படி அடக்கப்படும் மூளை சும்மா இருக்காது. காபாவுக்கு மசிவதைக் குறைத்துக்கொள்ளும், குளூட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளைக் கூட்டிக்கொள்ளும். கதவை ஒரு பக்கம் ஒருவர் தள்ள, மறுபக்கம் இன்னொருவர் அதே பலத்தோடு தள்ளிக்கொண்டிருப்பது மாதிரிதான் இது. வெளியே பார்த்தால் கதவு அசையாமல் நிற்கும். "எவ்வளவு குடிச்சாலும் மாமா ஸ்டெடியா இருப்பார்" என்று ஊரே பெருமையாகச் சொல்லும். ஒரு பக்கத்து ஆள் திடீரென்று கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? மது நிற்கிற அந்த நாளில் மூளைக்கு நடப்பது அதுதான்.

நிறுத்திய ஆறிலிருந்து எட்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். ஒரு நாளுக்குள் சிலருக்கு இல்லாத குரல் கேட்கும், இல்லாத உருவம் தெரியும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதுவரை வாழ்க்கையில் வலிப்பே வராதவருக்கும் வரும். இரண்டாம் நாள் முடிந்து நான்காம் நாள் வரை உள்ள நேரம்தான் டெலிரியத்தின் நேரம். காய்ச்சல், நாடித் துடிப்பு எகிறுவது, இடம் காலம் ஆள் தெரியாமல் பிதற்றுவது எல்லாம் அப்போது வரும். எல்லோருக்கும் இந்த உச்சம் வராது. திடீரென்று நிறுத்துகிறவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு வரும் என்பது பொதுவான கணக்கு. முன்பு ஒருமுறை வலிப்போ டெலிரியமோ வந்தவருக்கு அடுத்த முறையும் வர வாய்ப்பு மிக அதிகம். இங்கே குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. சிகிச்சை இல்லாமல் நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் விளைவு முன்பைவிட மோசமாகக்கூடும். "போன தடவை வீட்டிலேயே நிறுத்தினாரே, ஒண்ணும் ஆகலையே" என்பது இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

கஞ்சாவை நிறுத்தினால் எரிச்சலும் தூக்கமின்மையும் வரும். இப்போது தமிழ்நாட்டில் இளைஞர்கள் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் டேபென்டடால் போன்ற வலி மாத்திரைகளை நிறுத்தினால் உடம்புவலி, வாந்தி, பேதி என்று நரக வேதனைதான். ஆனாலும் அந்த வேதனையால் உயிர் போவது அரிது. அவர்களுக்கு ஆபத்து இன்னொரு இடத்தில் இருக்கிறது. கொஞ்ச நாள் விட்டிருந்துவிட்டு, பழைய அளவையே மறுபடி ஏற்றும்போது மூச்சு நின்றுவிடும். நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாகும் பட்டியலில் முன்னால் நிற்பவை மதுவும், பென்சோடயசபின் வகைத் தூக்க மாத்திரைகளும். கடையில் சட்டப்படி விற்கிற பொருள் அந்தப் பட்டியலில் இருப்பதை நம் மனசு ஏற்க மறுக்கிறது.

சரி, எவ்வளவு குடித்தால் இந்த நிலை வரும்? ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. நம் ஊர் குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சொன்னால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். பத்து கிராமை ஒரு அளவு என்று வைத்தால் ஆறு அளவு. ஒரு 'கட்டிங்', அதாவது பாதி குவார்ட்டர் என்றால் மூன்று அளவு. "நான் பீர் மட்டும்தான்" என்கிறவர் குடிக்கும் 650 மில்லி ஸ்ட்ராங் பீரில், எட்டு சதவீதம் என்று வைத்தால், நான்கு அளவு இருக்கிறது. தினமும் ஒரு குவார்ட்டர், வருஷக்கணக்கில் என்றால், அவர் டாக்டர் கண்ணில் படாமல் திடீரென்று நிறுத்தக்கூடாத ஆள்.

டாக்டர்கள் கேட்கும் நான்கு கேள்விகள் உண்டு. குடியைக் குறைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசினால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்ச்சி வந்திருக்கிறதா? காலையில் எழுந்ததும் நடுக்கத்தை அடக்கவோ தலைபாரம் போகவோ குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆமாம் என்றாலே கவலைப்பட வேண்டும். என்னைக் கேட்டால், நான்காவது கேள்விக்கு ஆமாம் என்று வந்தாலே அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அந்தக் காலை நேரத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. குடிநோய் முற்றியவருக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே கை நடுங்கத் தொடங்கிவிடும். டீ கிளாஸைப் பிடித்தால் தளும்பும், சட்டைப் பட்டனைப் போட முடியாது, பல் தேய்த்தால் குமட்டும். அவருக்கு அப்போது வேண்டியது போதை இல்லை, அந்த நடுக்கம் நிற்பதுதான். கட்டட வேலைக்கோ மூட்டை தூக்கவோ போக வேண்டுமானால் கை நின்றாக வேண்டும். அதனால்தான் கடை திறக்குமுன் பிளாக்கில் கூடுதல் விலைக்கு வாங்குகிறார். அதற்கும் காசில்லாதவர் எது மலிவோ அதைத் தேடிப் போகிறார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய வருஷம் மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத் தாக்குகிறது, ரத்தத்தில் அமிலத்தை ஏற்றி உயிரை எடுக்கிறது. விற்றவர்கள், விட்டுவைத்தவர்கள் பற்றி நிறையப் பேசினோம், பேச வேண்டியதுதான். "விஷம்னு தெரிஞ்சும் ஏன் குடிக்கிறாங்க" என்றும் நிறையப் பேர் கேட்டார்கள். காலை நடுக்கத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

கார்த்திகை மாதம் மாலை போட்டுக்கொள்வது இங்கே லட்சக்கணக்கான ஆண்களுக்கு வருஷத்தில் ஒருமுறை குடியில்லாத ஒரு மண்டலம். அதை லேசாக நினைக்க எனக்கு மனமில்லை. காலையில் குளிர்ந்த நீர், இரண்டு வேளை பூஜை, கூட இருக்கும் சாமிகள், 'சாமி' என்று மரியாதையாகக் கூப்பிடும் ஊர் என்று, ஒருவர் குடியிலிருந்து விலகி நிற்கத் தேவையான பல விஷயங்கள் அதில் சேர்ந்து அமைந்திருக்கின்றன. ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். தினமும் அதிகம் குடித்தவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால், முதல் நான்கு நாள் மேலே சொன்ன அத்தனையும் அவருக்கும் வரலாம். மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தோடு நிறுத்திவிட்டு மாலை போடலாம், விரதத்துக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, மாலையைக் கழற்றிய நாள். அத்தனை நாள் குடிக்காத உடம்பு பழைய அளவைத் தாங்காது. பழைய ஞாபகத்தில் ஒரு ஃபுல்லை முடிப்பவர் அந்த ஒரே ராத்திரியில் வாந்தி மூச்சுக்குழாயில் போய் இறக்கக்கூடும்.

மருத்துவமனையில் முதல் வாரம் நடப்பது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. குளோர்டயசபாக்சைட், டயசபாம், ஈரல் கெட்டிருந்தால் லோரசபாம் என்று ஏதோ ஒரு மருந்தைக் கொடுத்து, மது செய்துவந்த காபா வேலையை அதைச் செய்ய வைப்பார்கள். பிறகு ஐந்து முதல் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். நடுக்கம், வியர்வை, பதற்றம் போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். இதை நீங்களே மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. இந்த மாத்திரைகளோடு மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும். நாள் கடந்தால் மாத்திரையே அடுத்த அடிமைத்தனம் ஆகிவிடும்.

அதைவிடச் சின்னதாகத் தெரிகிற இன்னொரு மருந்து தயமின், அதாவது வைட்டமின் பி1. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பிட்டதிலிருந்தும் குடல் பி1-ஐச் சரியாக உறிஞ்சுவதில்லை. மூளை சர்க்கரையை எரிக்க அந்த பி1 வேண்டும். நம் ஊரில் ஆள் சோர்ந்து கிடந்தால் முதல் வேலையாகத் தெருமுனை கிளினிக்கில் "ஒரு குளுக்கோஸ் ஏத்திருங்க டாக்டர்" என்போம். பி1 வற்றிப்போன உடம்பில் வெறும் குளுக்கோஸை ஏற்றினால், மிச்சமிருப்பதும் தீர்ந்து மூளையில் வெர்னிக்கே என்கிற பாதிப்பு வரக்கூடும். கண் ஒரு பக்கமாக நின்றுவிடும் அல்லது ஆடும், நடை தடுமாறும், குழப்பம் கூடும். பார்த்தால் போதை மாதிரியே இருக்கும். அதனால் யாரும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். அது கோர்சகாஃப் நிலைக்குப் போய்விட்டால் புது நினைவு எதுவும் மனதில் தங்காது. காலையில் வந்து போன மகளைச் சாயங்காலம் "எப்பம்மா வந்தே?" என்று கேட்பார். இதைத் தடுப்பது சில ரூபாய் பெறுமான பி1 ஊசி. குளுக்கோஸுக்கு முன்னாலோ அதோடு சேர்த்தோ போட வேண்டும். டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "இவர் தினமும் இவ்வளவு குடிக்கிறவர்." மானத்தைப் பார்க்கிற நேரம் அது இல்லை.

அடுத்தது பொடி. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற சுவரொட்டி இல்லாத பஸ் ஸ்டாண்ட் இல்லை. பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்காது. டாக்டர்கள் குடியை விடக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையையே வாங்கி இடித்து சாம்பாரில் கலக்கும் வீடுகளும் உண்டு. 1940களில் டென்மார்க்கில் ஜென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன் என்ற இருவர் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தபோது, தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அப்புறம் மது அருந்தியபோது உடம்பு படாத பாடு பட்டது. மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை ஈரல் வெளியேற்ற விடாமல் இந்த மருந்து தடுக்கிறது. அது ரத்தத்தில் தேங்கி முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் சரிகிறது. இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். தெரிந்து, ஒப்புக்கொண்டு, மனைவி கையால் தினமும் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு இது நல்ல மருந்து. 'மாத்திரை போட்டிருக்கேன், இன்னிக்குக் குடிக்க முடியாது' என்ற அந்த நினைப்புதான் அங்கே வேலை செய்கிறது. தெரியாமல் கொடுத்தால் அந்த நினைப்புக்கே இடமில்லை. இருப்பது விஷ விளைவு மட்டும்தான். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு வரலாம். உண்மை தெரியவந்தால் அந்த மனிதர் அப்புறம் வீட்டுச் சாப்பாட்டையே நம்ப மாட்டார். பொடி வாங்க நகையை அடகு வைத்த பெண்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர்களிடம் அதை விற்கிறவர்கள் மேல் நிறைய இருக்கிறது.

முதல் வாரம் தாண்டிய பிறகுதான் உண்மையான சிகிச்சை தொடங்குகிறது. ஆசையைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. நால்ட்ரக்சோன் குடியில் கிடைக்கும் சுகத்தை மட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவில் 1994-லேயே குடிநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. டேபென்டடால், டிரமடால் போன்றவை எடுப்பவருக்கு மட்டும் கொடுக்கக்கூடாது. அகாம்ப்ரோசேட் நிறுத்திய பின் வரும் அமைதியின்மையைத் தணிக்கிறது, அதற்குச் சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். ஈரல் சுருங்கியவர்களுக்கு பேக்லோஃபென் கொடுத்துப் பார்க்கிறார்கள். இவை எல்லாம் மாதக்கணக்கில் எடுக்க வேண்டியவை. கூடவே ஆலோசனையும் வேண்டும்.

ஆனால் சிகிச்சை எத்தனை பேரை எட்டுகிறது? டெல்லி எய்ம்ஸ் நடத்தி, மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். மதுவால் தமிழ்நாட்டு அரசுக்கு ஒரு வருஷத்தில் வரும் வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டுகிறது. இந்தக் கணக்குகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை. விற்பனைக்கு ஊர் ஊராகக் கடை திறக்க முடிகிற அரசால், ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் குடிநோய்க்கென நான்கு கட்டிலும் பயிற்சி பெற்ற ஒரு நர்சும் கொடுக்க முடியாதா?

முடியாத காரியம் இல்லை என்பதற்கு சென்னையிலேயே சான்று இருக்கிறது. கணவரைக் குடியினால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது டி.டி.கே. மருத்துவமனை என்று எல்லோரும் சொல்லும் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை. உடம்புக்குச் சிகிச்சை முடிந்ததும் வாரக்கணக்கில் ஆலோசனை, குடும்பத்துக்குத் தனியாக வகுப்பு, அப்புறம் தொடர் சந்திப்பு என்று அங்கே அமைத்தார்கள். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து சிகிச்சை எடுக்கும் இடத்தில் வெட்கம் பாதியாகிவிடுகிறது.

இன்னொரு பக்கம், ராத்திரி வேனில் வந்து ஆளைத் தூக்கிப்போகும் மையங்கள். அடித்தார்கள், கட்டி வைத்தார்கள், உள்ளே இறந்தார் என்ற செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறோம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையோடு வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தனக்குள் கொண்டுவருகிறது. அப்படிப்பட்ட மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டக்கூடாது, தனிமைச் சிறையில் போடக்கூடாது, வெளியே தொடர்பு கொள்ளும் உரிமை நோயாளிக்கு உண்டு. சேர்க்கும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். எந்த டாக்டர், வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார் என்று கேளுங்கள். "ஒரு மாசம் பேசவே கூடாது, பார்க்கவே கூடாது" என்று சொல்கிற இடத்தில் உங்கள் ஆளை விட்டுவிட்டு வராதீர்கள்.

செலவே இல்லாத துணை ஒன்றும் இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரை ஒருவர் தாங்கிப்பிடித்ததில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், தமிழ்நாட்டு ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடத்துகிறது. பெயர் முழுதாகச் சொல்ல வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. அதற்கும் போகச் சொல்வேன், ஏனென்றால் இந்த நோயில் மனைவிக்கும் அம்மாவுக்கும் தூக்கம் போய் வருஷங்கள் ஆகியிருக்கும்.

குடியை விட்டு வீட்டுக்கு வந்தவர் முதல் சில மாதம் எரிந்து விழுவார், ராத்திரி தூங்க மாட்டார், எதிலும் பிடிப்பில்லாமல் உட்கார்ந்திருப்பார். "இதுக்குக் குடிச்சிருந்தப்பவே பரவாயில்லை" என்று யாராவது வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். மூளை இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சம்பள நாள், சாவு வீடு, பழைய கூட்டாளியின் போன், இந்த மூன்றும் பெரிய ஆபத்து. சம்பளத்தை நேராக வீட்டுக் கணக்குக்கு வரச்செய்வது, சாவு வீட்டுக்குக் கூடவே ஒருவர் போவது என்று முன்கூட்டியே இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.

அப்படியும் ஒருநாள் குடித்துவிட்டு வருவார். நிறையப் பேருக்கு இது நடக்கும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் நடுவில் விட்டுவிட்டால் திட்டிக்கொண்டே டாக்டரிடம் கூட்டிப்போகிறோம் இல்லையா, இங்கேயும் செய்ய வேண்டியது அதுவேதான். அன்று ராத்திரி சண்டை வேண்டாம், போதையில் இருப்பவர் காதில் எதுவும் ஏறாது. மறுநாள் காலையில், எத்தனை நாளாகக் குடிக்கிறார், எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒருநாள் என்றால் அன்றே மருந்தைத் தொடர்வது பற்றி டாக்டரிடம் பேசலாம். டைசல்ஃபிராம் எடுப்பவராக இருந்தால், குடித்த பிறகு அடுத்த மாத்திரையை நீங்களாகக் கொடுக்கக்கூடாது. வாரக்கணக்கில் ஓடிவிட்டது என்றால், மறுபடி வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14446 தேசிய போதை மீட்பு உதவி எண், 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இரண்டுக்கும் கட்டணமில்லை. வலிப்போ, ஆள் தெரியாத பிதற்றலோ வந்துவிட்டால் இவை எதற்கும் காத்திருக்காமல் 108. ஆம்புலன்ஸில் ஏறியதும் சொல்ல வேண்டியது: கடைசியாக எப்போது குடித்தார், தினமும் எவ்வளவு.